தட்டில் இல்லாத சாவி

செவ்வாய், துளையிடும் முகாம் 3
பதிவு செய்பவர்: பொற்செல்வி, மண் ஆய்வாளர்

நாள் 212, 06:20
வழக்கமான பதிவு. முகாமில் இன்று கடைசி நாள். கூடாரத்திலும் உடையிலும் சேர்த்து ஏழு மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது. என்னை ஏற்றிச் செல்ல வண்டி ஓட்டுநர் இல்லாமல் தானாக வந்துவிட்டது. நிலையம் ஐந்து மணி நேரத் தொலைவு. வண்டிக்குள் நான்கு நாளுக்குக் காற்று உண்டு. நேற்று நிலையத்தில் ஆயுத பூஜை. முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம், காகித மாலை. மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறது.

06:45
ரிமோட் சாவியை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. கதவுத் திரையில் "சாவி அடையாளம் தெரியவில்லை" என்று வருகிறது. மூன்று தடவை அழுத்தியும் அதேதான். ஏழு மாதமாக நான் ஓட்டுகிற வண்டி இது.

07:30
சாவிக்குப் புது பேட்டரி போட்டேன். கைப்பிடிக்குக் கீழே உள்ள வட்டத்தில் ஒட்டிப் பிடித்தேன். பேட்டரி செத்திருந்தாலும் அங்கே வைத்தால் வண்டி சாவியை அடையாளம் காணும் என்கிறது கையேடு. அலைவரிசை மோதக்கூடாது என்று முகாமின் ரேடியோ கம்பத்தையும் அணைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பத்தை மறுபடி போட்டு நிலையத்தைக் கூப்பிட்டேன்.

07:50
மெக்கானிக் ஜெபராஜ் பேசினான்.
"அக்கா, நேத்து பூஜைத் தட்டுல நாலு சாவி வச்சிருந்தோம். நல்ல நாளாச்சே, பழசையெல்லாம் அழிச்சிட்டு புதுசா பதிவோம்னு தணிகாசலம் சார் சொன்னாரு. பதியுற நேரத்துல பக்கத்துல இல்லாத சாவியை வண்டி மறந்துரும். செல்வி அக்கா சாவி இல்லையே சார்னு கேட்டேன். நல்ல நேரம் முடியப்போகுது, ஆரம்பிப்பான்னாரு."

தலைவர் தணிகாசலத்தோடு சேர்த்து நிலையத்தில் நாங்கள் ஐந்து பேர். பூஜை நாளில் துளைக்கருவியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று என்னைத்தான் இங்கே இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். என் சாவியும் என்னோடு இருந்தது.

08:15
வண்டியைப் போ, வா என்று நிலையத்திலிருந்து சொல்லலாம். திற என்று சொல்ல முடியாது. திருட்டு பயமாம். இந்தக் கிரகத்திலேயே மொத்தம் ஐந்து பேர்தான், இதில் யார் திருடுவது?

என் சாவியைத் திரும்பப் பதிய, பதிவான சாவி ஒன்று இங்கே வரவேண்டும். இந்த வண்டியையே அனுப்பி வரவழைக்கலாம் என்றால் போக ஐந்து, வர ஐந்து. இன்னொரு வண்டியின் சக்கரங்களைப் பூஜைக்குக் கழற்றிக் கழுவியவர்கள் இன்னும் மாட்டவில்லை. மாட்ட மூன்று மணி நேரம் ஆகும். என்னிடம் இருப்பது ஐந்து.

09:00
எதிரே ஜெபராஜ் வந்தால் பாதி வழியில் சந்திக்கலாம் என்று, பின் ஏணியில் தொற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பச் சொன்னேன். ஆள் எடை தெரிந்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டது. பயணியின் பாதுகாப்புக்காக என்றது திரை.

09:40
சுத்தியலால் கண்ணாடியை அடித்தேன். சந்தனம் உதிர்ந்தது. கீறல்கூட விழவில்லை. இதில் அரை மணி நேரக் காற்று வீண். முட்டாள்தனம்.

11:10
ஜெபராஜ் கிளம்பிவிட்டான். வந்து சேர 16:10 ஆகும். "அக்கா, பேசாதீங்க, படுத்துக்கோங்க, மெதுவா மூச்சு விடுங்க" என்றான். கணக்கு அவனுக்கும் தெரியும். படுத்திருக்கிறேன். சாகப் பயமாக இருக்கிறது. கூடாரத்தின் பிளாஸ்டிக் ஜன்னல் வழியே வண்டி தெரிகிறது. உள்ளே விளக்கு எரிகிறது.

12:35
நிலையத் தலைவர் தணிகாசலம், தனி அலைவரிசையில்:
"செல்வி, பூமியிலேர்ந்து கேப்பாங்கம்மா. சாவி பதியப்போறதை உனக்கு முன்னாடியே சொல்லிட்டோம், நீதான் மறந்துட்டேன்னு பதிவுல ஒரு வார்த்தை எழுதிடு. உனக்கு இனிமே அதனால என்ன? இங்க நாங்க நாலு பேரு இருக்கோம்ல. உன் சாவிக்கும் சேத்துத்தாம்மா சாமி கும்பிட்டேன்."

ரேடியோவை அணைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. மெதுவாக மூச்சு விட முடியவில்லை.

12:50
இதைக் கண்டெடுப்பவருக்கு. முதலில் வரப்போவது ஜெபராஜ். தம்பி, இதைத் தலைவர் கையில் கொடுக்காதே. நேராகப் பூமிக்கு அனுப்பு. என் அம்மாவிடம், நான் மறதிக்காரி என்று யாரும் சொல்ல விடாதே.

13:02
தலை வலிக்கிறது. விரல்கள் மரத்துவிட்டன. எழுத்து கோணுகிறது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

13:09
யாரும் சொல்லவில்லை. நான் மறக்கவில்லை. சாவி கையில்தான்

13:11
யாரும் சொல்ல