தலைகீழாகக் குத்திய பேட்ஜ்

இன்று காலை ஊக்கு தேடிப் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தபோது உன் பழைய பேட்ஜ் விழுந்தது. 'லில்லி'. நீ போன பிறகு, "இத்த உன்னாண்ட குடுக்கச் சொல்லிச்சு" என்று உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து தந்தாரே, அதேதான். முள் வளைந்து கிடக்கிறது. வளையாமல் என்ன செய்யும்? சேர்ந்த நாள் முதல் அதைத் தலைகீழாகத்தானே குத்தினாய்!

உன் நிஜப் பேர் லில்லியும் இல்லை, மல்லியும் இல்லை. மாமல்லபுரம் தாண்டி ஈசிஆர் ஓரத்து ரிசார்ட்டில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எனக்கு அறைகள், உனக்குக் காலை டிபன். வேலைக்கு எடுத்ததாக ஒரு வரி எழுதித் தரவில்லை. மேனேஜர் தந்தது புதுப் பேர் மட்டும்தான். அஞ்சலாட்சி என்ற என் பேர் வெளிநாட்டு விருந்தாளிகள் வாயில் நுழையாதாம், ஏஞ்சல் ஆக்கிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு குத்திக்கொண்டேன். உன்னிடம் ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்டதற்கு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

"தலகீயா கீதுன்னா தலய சாச்சித்தான் படிப்பான். அப்பவாச்சும் நம்ம மூஞ்சியப் பாப்பான்ல?"

ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம்தான் வந்தது வினை. முதலாளியின் கோவளம் வீட்டில் விருந்து, வந்து கூட்டிக் கழுவு என்றார் மேனேஜர். அதுவும் என் வார விடுமுறையில், தொடர்ந்து மூன்றாவது வாரமாக. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, வரமாட்டேன் என்றேன். மறுநாள் கேட்டிலேயே வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "உன்ன உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டரும்மா." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுரோடு என்றும் பாராமல் அழுதேன். நீ கையில் தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாய்.

"இன்னாத்துக்கு அழுவுற? மூக்கத் தொடச்சிக்க. செங்கல்பட்டுல லேபர் ஆபீஸ் கீது, போலாம்."

முதல் நாள் விசாரணையில் மேனேஜர் கூசாமல் சொன்னார், "அஞ்சலாட்சின்னு எங்ககிட்ட யாரும் வேலை செய்யலையே மேடம். எப்பவாவது சுத்தம் பண்ண வெளியாள் வருவாங்க, அவ்வளவுதான்." சம்பளம்கூடக் கையில்தான் வாங்கினோம். என்னிடம் இருந்தது பேட்ஜ் ஒன்றுதான், அதை எடுத்து நீட்டினேன். இதை எந்தக் கடையிலும் அடித்துத் தருவார்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதிகாரியம்மா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "வேலைக்கு எடுத்த ஆர்டர் இல்லன்னா தொழிலாளி இல்லன்னு ஆயிடாதும்மா. வேலை செஞ்சதுக்கு வேற எந்த ஆதாரம் இருந்தாலும் அடுத்த தடவை கொண்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தவள், திருக்கழுக்குன்றத்தில் திடீரென்று செல்போனை எடுத்தாய். தங்கிப் போகிறவர்கள் ரிசார்ட்டைப் பற்றி நெட்டில் எழுதுவார்கள் அல்லவா, அது உனக்கு எப்படித்தான் தோன்றியதோ. உனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பேட்ஜைப் பிடுங்கி போன் பக்கத்தில் வைத்து, அந்த ஐந்து எழுத்தும் அதே வரிசையில் எங்கே வருகிறது என்று விரலால் தள்ளித் தள்ளித் தேடினாய். பூஞ்சேரி வருவதற்குள் கத்தினாய் பார், டிரைவரே திரும்பிவிட்டார்.

"கீதுடி உன் பேரு! ஒண்ணு இல்ல, அஞ்சாறு எடத்துல கீது!"

ஜெராக்ஸ் கடைக்காரம்மாதான் பிரிண்ட் எடுத்துப் படித்துச் சொன்னாள். நாலாம் நம்பர் அறையில் ஏஞ்சல் தினமும் பெட்ஷீட் மாற்றினாள், கட்டிலுக்கு அடியில் தொலைந்த என் கண்ணாடியைத் தேடித் தந்தாள் என்று போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே மேனேஜரே பதில் போட்டிருந்தார்: 'நன்றி. எங்கள் ஏஞ்சல் எட்டு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் ஒருவர்.'

"குடும்பமாம்ல!" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். "காதுகுத்துக்கு மொய் வெக்கலியே அந்தக் குடும்பம்!"

ஆனால் அடுத்த விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, சாட்சிக்குப் போனால் நீயும் வீட்டுக்குத்தான் என்று மிரட்டியிருக்கிறார். உன்னிடமும் ஒரு காகிதம் கிடையாது. வீட்டில் உன் சம்பாத்தியம்தான். நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன், தப்பாகவும் நினைத்திருக்கமாட்டேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். அன்றைக்கு மட்டும் உன் பேட்ஜ் நேராக இருந்தது. நான் முறைத்துப் பார்த்ததும், "சாட்சி சொல்றப்ப கோணலா நின்னா நல்லாவா கீது?" என்றாய்.

அதிகாரியம்மா காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த ஏஞ்சல் யாரு சார்?"

"தேவதைன்னு பொதுவா ஒரு மரியாதைக்குப் போடறது மேடம்."

"தேவதை நாலாம் நம்பர் ரூம்ல பெட்ஷீட் மாத்திச்சுன்னு போட்டிருக்கே?"

நீ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. ஓரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க்கும் சேர்ந்து சிரித்துவிட்டார். மேனேஜர் மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

வேலை திரும்பக் கிடைத்தது. அதுவே போதும் என்று நான் கும்பிடு போட்டு எழுந்தேன். நீதான் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய். "குந்துடி. வாயால சொன்னதாலதான இவ்ளோ பேஜாரு. எய்தித் தரச் சொல்லுங்க மேடம். பேர முய்சா எய்தணும், அஞ்சலாட்சின்னு."

எழுதித் தந்தார்கள். அடுத்த மாதம் உனக்கும் மற்ற பெண்களுக்கும் ஆர்டர் வந்தது, எல்லோருக்கும் சொந்தப் பேரில் பேட்ஜும் வந்தது. அதையும் நீ தலைகீழாகவே குத்தினாய், திருந்தாத ஜென்மம்! பிறகு நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அந்த ஆர்டர் இருந்ததால் உன் இடத்தில் யாரையும் வைக்க முடியவில்லை. இடம் அப்படியே இருந்தது, நீதான் வரவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அப்புறம்தான் நீ இல்லை என்பது ஞாபகம் வருகிறது.

இன்று உன் பேட்ஜைப் பார்த்துவிட்டு, என்னுடையதை வேண்டுமென்றே தலைகீழாகக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலாம் நம்பரில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. துண்டு வாங்க வந்தவர் நின்றார். தலையைச் சாய்த்தார், இன்னும் கொஞ்சம் சாய்த்தார், அப்படியே என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, "அன்... ஜ... லாட்... சி" என்றார்.

நுழைந்துவிட்டதடி, அவர் வாயில்!