தெமோதரைக்குச் சும்மா

14 ஜூலை 1924, திங்கள்

இன்றும் பரிமளம் என்னை விட்டுவிட்டுத்தான் போனாள். மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். கூடவே அந்தச் சந்திரகாந்தி — ஸ்டேஷன் கிளார்க் சித்திரையில் கட்டிக்கொண்டு வந்த பெண். அவள் பிடித்திருந்தது என் குடை. பரிமளத்துக்கு நான் இரவல் கொடுத்தது.

இத்தனை வருஷமும் சாயங்காலத்தில் ஆற்றுப் பாலம் வரை பரிமளமும் நானும்தான் நடந்தோம். கடைக்காரர் வீட்டுப் பெண்கள் பதுளைத் தெருவில் தனியே நடப்பதில்லை. நானோ வெள்ளைச் சேலைக்காரி. சென்னையில் காலேஜ் படித்து வந்து ஒரு வகுப்புப் பெண்களை மேய்க்கலாம். கடைத்தெருவைத் தனியே தாண்டக் கூடாது. துணை போனது, நடையும் போயிற்று.

16 ஜூலை

மறுபடியும் தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி நாடி பார்த்துவிட்டுச் சொன்னார்: “உடம்புல ஒன்னும் இல்லம்மா. சாயங்காலம் காத்தாட நடங்க. எதையும் உள்ளயே போட்டு அரைக்காதீங்க.”

யாரோடு நடப்பது என்று அவர் எழுதித் தரவில்லை.

18 ஜூலை, வெள்ளி

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே பரிமளம், “நீங்களும் வாங்களேன், டீச்சரம்மா” என்றாள்.

டீச்சரம்மா!

தனியே இருந்தால் ‘அடி வேதா’. அந்தப் பெண்ணின் முன்னால் நான் டீச்சரம்மா. சந்திரகாந்தி கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல.

“தலைவலி” என்றேன். பொய்.

அவர்கள் போனதும் காற்று கிளம்பியது. அடிக்கட்டும், குடை முறிந்து போகட்டும் என்று மனதாரச் சபித்தேன். அது என் குடை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் இது என்ன புத்தி? அந்தச் சந்திரகாந்தி சிரிக்கிற சிரிப்பு பாலத்திலிருந்து இங்கே கேட்கிறதாக நினைத்துக்கொள்கிறேன். கேட்காது. எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறது.

22 ஜூலை

தனியாகவே நடந்து பார்த்தேன். கடைத்தெரு முனையிலேயே ஜுனைதீன் முதலாளி, “என்ன டீச்சரம்மா, தனியா? வீட்ல யாருக்காச்சும் சுகமில்லையா?” கொஞ்சம் தள்ளி இன்னொருவர். அதற்கப்புறம் இன்னொருவர். காற்று வாங்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நூல் வாங்க வந்ததாகச் சொல்லி, வேண்டாத நூலோடு திரும்பினேன்.

29 ஜூலை

யோசித்தேன். ரயிலில் போகிறவளை யாரும் கேட்பதில்லை. ஏதோ காரியம் இருக்கும் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள்.

தம்பி சிதம்பரநாதனிடம் சொன்னேன்.

“தெமோதரைக்கா? அங்க யாருக்கா இருக்கா?”

“யாருமில்லை.”

“அப்புறம் எதுக்கு?”

“போயிட்டு வர.”

அவன் மனைவி சரஸ்வதி அடுப்படியிலிருந்தே, “போகட்டுமே. பொம்பளைங்க பெட்டிதான் தனியா இருக்கே. நீங்க மட்டும் சந்தைக்குப் போறேன்னு எங்கெங்கயோ போறீங்க” என்றாள்.

2 ஆகஸ்ட், சனி

போனேன்!

தெமோதரை ஸ்டேஷன் தலைக்கு மேலே தெரிகிறது. ரயில் அதன் அடியிலேயே குகையில் நுழைந்து, மலையைச் சுற்றிக்கொண்டு ஏறி, அப்புறம்தான் அதில் போய் நிற்கிறது. பதுளையிலிருந்தே இதைப் பரிமளத்திடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டிருந்தேன் — அவள் வயிறு எரிய வேண்டும், சந்திரகாந்தி பக்கத்தில் இருக்க வேண்டும். குகை இருட்டுக்குப் பிறகு தேயிலைச் சரிவு பளிச்சென்று திறந்தது. அதற்கப்புறம் அந்த வாக்கியங்கள் ஒன்றும் ஞாபகமில்லை.

திரும்பும்போது எதிரே ஒரு தோட்டத்து அம்மா, இராக்கம்மா. சனிக்கிழமைதோறும் பதுளையில் மகளைப் பார்க்கப் போகிறாளாம்.

“எங்க தாயி போறீங்க?”

“பதுளைக்கு.”

“எங்கயிருந்து?”

“பதுளையிலயிருந்து.”

வெற்றிலை சிதறச் சிரித்தாள். “காசு குடுத்து சும்மாவா சுத்துறீங்க?”

நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

5 ஆகஸ்ட்

ஊருக்கே தெரிந்துவிட்டது. பரிமளம் தனியே வந்தாள், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியேடி வேதா!”

அந்த ‘டி’ காதில் தேனாய் விழுந்தது. இவளுக்கும் எரியும்!

“வர்ற சனிக்கிழம நானும் வாரேன். காந்தியையும் கூட்டிக்கலாம்.”

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. “இன்னொரு நாள் மூணு பேரும் போவோம். சனிக்கிழமை எனக்கு வேணும்” என்றேன். எனக்கே ஆச்சரியம். அவளுக்குப் புரிந்த மாதிரி இல்லை. “என்னமோ போ” என்றாள். ஆனாலும் காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

“என் குடையைக் கொடுத்தனுப்பு” என்றேன்.

7 ஆகஸ்ட்

சந்திரகாந்தியே குடையைக் கொண்டுவந்தாள். “காத்துல கம்பி வளைஞ்சு போச்சுங்க. பயந்துக்கிட்டு குடுக்காமலே வச்சிருந்தேன்.” என் சாபம் பலித்திருக்கிறது. உட்காரச் சொன்னேன். இந்த ஊரில் பரிமளத்தை விட்டால் அவளுக்கு வேறு யாரையும் தெரியாதாம்.

அவளை இன்னும் பிடிக்கவில்லை. சிரிப்பு மட்டும் பரவாயில்லை.

9 ஆகஸ்ட், சனி

வளைந்த குடையோடு போய்வந்தேன். புறப்படும்போது ஸ்டேஷன் தெருவில் அவர்கள் இருவரும் கைகோத்துப் போனார்கள். சுருக்கென்றது. ரயில் ஏறினேன்.

திரும்பும்போது மலை பார்க்கவில்லை. யாரோ தோளைத் தொட்டு உலுக்குகிறார்கள். இராக்கம்மா.

“தாயி, எந்திரிங்க, பதுளை வந்துருச்சு. காசு குடுத்து தூங்கவா வந்தீங்க?”