வாவியில் ஓர் உச்சிப்பொழுது

என் அன்பு அண்ணா,

கொட்டாஞ்சேனையில் கடும் வெயில். நீங்கள் நெருப்புக்காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு வந்திருக்கும் முதல் கோடை. அம்மா முற்றத்தில் வடகம் காயப்போட்டிருக்கிறா.

உங்கள் சிநேகிதர் சமீம் மீது எனக்குப் பொறாமை, அண்ணா. நல்ல மனிதர்தான். உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவரே. ஆனாலும் பொறாமை. ஞாயிறு விடியவே மருதானைக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு பேரை வாவிக்கு மீன் பிடிக்கப் போவீர்கள். நானும் வரட்டோ என்று கேட்டால், பொம்பிளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று சிரிப்பீர்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் கழுவ வேண்டிய மீன்.

போன மாதம் அவர் அம்மாவைப் பார்க்க வந்தார். கோடையில் வாவியின் மேல்தண்ணீர் சுடும், அடியில் குளிர்ந்திருக்கும், விரால் நிழல் தேடிக் கீழே போய்விடும், மூச்சுவாங்க மட்டும் மேலே வரும் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் சொன்னார். தேத்தண்ணீரோடு நின்று கேட்டேன். ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் ஒரு சொல்லாவது சொன்னீர்களா?

"எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்கோ" என்றேன். அம்மாவும் கூட வருவா என்ற பிறகுதான் சம்மதித்தார்.

மூன்று பேரும் போனது வெள்ளைத் துரைமார் படகு விடும் இடத்துக்கு எதிர்க்கரைக்கு. நீங்கள் இருக்கும் கல்லைக் காட்டினார். உங்கள் தூண்டிலை அவர் சொன்ன இடமெல்லாம் போட்டேன். ஒன்றும் படவில்லை. வெயில் ஏறியதும் எழுந்துவிட்டார்.

"இனிச் சரிவராது, தங்கச்சி. ஒங்கட நானாவும் இந்நேரம் எழும்பிடுவார். உச்சி வெயில்ல அவருக்கு ஒரு விராலும் பட்டதில்ல."

உங்களை நானா என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. நினைத்து அழ அவருக்கு எத்தனை காலைகள் இருக்கின்றன? எனக்கு அங்கே ஒன்றுகூட இல்லையே.

மறு ஞாயிறு அம்மா ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போன நேரம், நான் உங்கள் தூண்டிலோடு தனியாக வாவிக்குப் போனேன். உச்சிப்பொழுது. துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேல்தண்ணீரில் கை வைத்தேன்; சுட்டது. ஆகாயத்தாமரைக்கு அடியில் முழங்கை வரை விட்டேன், குளிர்ந்தது. விரால் அந்தக் குளிரில் கிடக்குமென்றால் இரையும் அங்கேதானே போகவேண்டும்? மிதப்பைக் கழற்றிவிட்டு ஈயக்குண்டு ஒன்றைக் கட்டினேன். ஓரிடத்தில் ஒரு விரால் மேலே வந்து, காற்றை விழுங்கி, அமிழ்ந்தது. அங்கேயே இறக்கினேன்.

விரால் இழுத்த இழுவையில் முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டேன். சேலையெல்லாம் சேறு. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தே கரை சேர்த்தேன்.

கோயிலால் வந்த அம்மா மீனைக் கண்டா.

"ஆர் பிடிச்சது?"

"நான்."

என் சேலையைப் பார்த்தா. பிறகு, "புளியைக் கரை" என்றா.

இந்த உச்சிப்பொழுது சமீமிடம் இல்லை, அண்ணா. உங்களிடமும் இருந்ததில்லை. இந்தக் கடிதத்தைப் பிறகு அவரிடம் கொடுப்பேன்; இதை வாசித்துத்தான் அவர் அறிவார். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். இனி ஒவ்வொரு கோடையிலும் போவேன். மீன் பட்டாலும் படாவிட்டாலும் உங்களுக்குச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. சமீம் உங்கள் சிநேகிதர் மட்டும்தானே.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
பூரணி