ஒரு துண்டுதானே

அப்பாவுக்கு வணக்கம். நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் பொய் சொல்வீர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக் குதிரைக்கும் உங்களைப் போலவே சர்க்கரைக் கோளாறு; அதனால் குளம்பில் தீராத வலி. அதன் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து வளர்த்து, நான்கு மாதமாக ஊசி போட்டோம். குளம்பு வலி குறையவே இல்லை. நேற்றுதான் தெரிந்தது, லாயக்காரர் எங்களுக்குத் தெரியாமல் தினமும் சர்க்கரைக்கட்டி ஊட்டியிருக்கிறார்.

"பாவம், ஆசையாப் பாக்குது, ஒரு துண்டுதானேம்மா" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். குதிரையை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். இங்கே நான் மனம்விட்டுப் பேசிய ஒரே ஜீவன் அது.

அது வாயில்லாப் பிராணி, கொடுத்ததைத் தின்றது. உங்களுக்கென்ன கேடு? தலையணைக்கடியில் மிட்டாய்ப் பொட்டலம் இருந்ததாமே! காலில் புண் வேறு வந்துவிட்டதென்று அம்மா போனில் அழுதாள்.

புண் வந்த காலைப் படமெடுத்து உடனே அனுப்புங்கள். காலுறையைக் கழற்றிவிட்டு எடுங்கள். ஐந்து விரலும் எனக்குத் தெரியவேண்டும்.

அவசரமாக,
கோபம் தீராத மகள்