பாலத்தில் நடந்து வந்த ஆறு பேர்

மார்ச் 3, செவ்வாய்

கடைவாய்ப் பல் மூன்றாம் நாளாக உயிரை வாங்குகிறது. வெளியுறவு அலுவலகத்தின் ஒப்பந்தப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இன்று காலை முழுக்க மீன்பிடி உடன்பாட்டில் ஒரே ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை. ஜெயித்தேன். வீட்டில் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

தங்கை போன் செய்தாள். மாப்பிள்ளையை எல்லைக் காவலில் ரோந்து வண்டி ஓட்டப் போட்டிருக்கிறார்களாம். “அங்க எதுவும் நடக்காதுல்ல அண்ணா?” நடக்காது என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

ரோந்து வண்டி ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டது. ஏழு பேர் அண்டை நாட்டுக்காரர்களிடம் பிடிபட்டார்கள். பட்டியலில் நான்காவது பெயர் மாப்பிள்ளையுடையது. பெயருக்கு எதிரே: ‘தொடையில் குண்டுக் காயம்.’

தங்கையிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தையின் ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தாள், கழற்றிய பிறகும்.

மார்ச் 9, திங்கள்

எதிர்த்தரப்பிலிருந்து கடிதம். இரண்டே பத்தி. கைதிகள் ஒப்பந்தத்தின் எட்டாம் விதிப்படி காயம்பட்டவரை வியாழக்கிழமை எல்லைப் பாலத்தில் ஒப்படைக்கிறோம், உங்களிடம் இருக்கும் எங்கள் காயம்பட்ட இருவரை அனுப்புங்கள். ‘புண் புரையோடத் தொடங்கிவிட்டது, இங்கே அறுவை வசதி இல்லை.’

எட்டாம் விதி! பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதை எழுதியது நான். காயம்பட்ட கைதியை நிபந்தனையின்றி, தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் எழுதிய உருப்படியான ஒரு வரி. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினேன். இந்த வயதில்.

செயலாளர் அறையில் அமைச்சரின் ஆலோசகரும் இருந்தார். எதையும் ஓட்டுக் கணக்கில் எடை போட்டுப் பார்ப்பதால் அவருக்கு எங்கள் பிரிவு வைத்த பெயர் ‘தராசு’. கடிதத்தைப் படித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

“தேர்தலுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்ல. இப்பப் போய் கொடுக்கல் வாங்கல் பண்ணினா, மண்டியிட்டாங்கன்னு ஊர் பூரா போஸ்டர் ஒட்டுவான் எதிர்க்கட்சிக்காரன்.”

“ஒப்பந்தம் இருக்கே சார். நாம கையெழுத்துப் போட்டது.”

“ஒப்பந்தத்துக்கு ஓட்டு இருக்கா?”

செயலாளர் சிரித்தார். நானும் லேசாகச் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மாலை தங்கை வீட்டில் சாப்பிட்டேன். “அவங்க ஏதாவது கேட்டிருக்காங்களா? லெட்டர் கிட்டர்?” என்றாள். ரகசியக் காப்பு விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்னும் இல்லை என்றேன். இன்னொரு கரண்டி போட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

செயலாளர் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தாதவர்.

“எட்டாம் விதி ‘போர்க் கைதி’ன்னு சொல்லுது. இது போர் இல்லையே. எல்லையில ஒரு சம்பவம். அப்ப விதி பொருந்தாதுன்னு ஒரு பக்கம் எழுதணும். அந்த விதியோட எலும்பு நரம்பு தெரிஞ்சவர் நீங்கதான்.” பிறகு மெதுவாக, “உங்க சொந்தக்காரர்னு தெரியும். விலகிக்கிறதா இருந்தா விலகிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

விலகினால் கோப்பு என் கையை விட்டுப் போய்விடும். உள்ளே இருந்தால்தானே ஏதாவது செய்ய முடியும்? இப்படித்தான் நினைத்தேன். துணைச் செயலாளர் நாற்காலி காலியாக இருப்பதை நினைக்கவில்லை.

நினைத்தேன்.

மார்ச் 11, புதன்

எழுதிக் கொடுத்தேன். ‘பொருந்தாது.’ ஒரு ஓட்டைகூட இல்லாத குறிப்பு. தராசு படித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

மார்ச் 12, வியாழன்

பாலத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. அவர்கள் மதியம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார்களாம்.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டாவது கடிதம். மாப்பிள்ளையின் காலை எடுத்தாக வேண்டுமாம். மருத்துவரையாவது அனுப்புங்கள் என்கிறார்கள்.

தராசு ஒரு கருத்துக்கணிப்பைக் காட்டினார். பேச்சுவார்த்தை கூடாது என்பவர்கள் நூற்றுக்கு அறுபத்தெட்டு. “பாருங்க, ஜனங்களே சொல்றாங்க.” அந்த ஜனங்களிடம் கடிதத்தைப் பற்றி யாரும் சொல்லவே இல்லையே! வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“உங்க தங்கச்சி நல்லாப் பேசுவாங்களா?” என்று கேட்டார்.

மார்ச் 20, வெள்ளி

தேர்தல் கூட்டத்தில் அவள் பேசுவதற்கான பேச்சை எழுதினேன். அரைப் பக்கம். ‘என் கணவருக்காக இந்த நாடு தலைகுனியக் கூடாது.’

“இப்படிப் பேசினா அவரை எப்படி அண்ணா விடுவாங்க?”

“நாம பயப்படலைன்னு தெரிஞ்சாத்தான் அவங்க இறங்கி வருவாங்க.” தராசு சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தாள். சின்னவள் பக்கத்தில் நின்று அதையே மழலையில் சொன்னாள்.

மார்ச் 22, ஞாயிறு

மைதானம் முழுக்கத் தலைகள். அவள் பேசி முடித்ததும் இடி இடித்த மாதிரி கைதட்டல். அமைச்சர் எழுந்து கும்பிட்டார். அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள் — சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற முகம். தலையாட்டினேன்.

மார்ச் 29, ஞாயிறு

கடிதம் எதுவும் இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

வாக்குப்பதிவு. ஆளும் கட்சிக்கே போட்டேன். பழக்கதோஷம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அமோக வெற்றி. அலுவலகத்தில் இனிப்பு.

ஏப்ரல் 9, வியாழன்

தராசே கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இப்ப முடிச்சிடலாம். மனிதாபிமானம், நாகரிக நாடு, கையெழுத்துப் போட்டா காப்பாத்துவோம்... அப்படி ஒரு அறிக்கை போடுங்க.” விதி பொருந்தும் என்று எழுதினேன். அதற்கும் ஒரு பக்கம்தான் ஆயிற்று. மதியத்துக்குள் கையெழுத்து.

ஏப்ரல் 14, செவ்வாய்

பாலத்தில் ஆறு பேர் நடந்து வந்தார்கள். பின்னால் ஒரு பெட்டி.

தங்கை ஆறு முகங்களையும் பார்த்தாள். மறுபடி முதலாமவரிடமிருந்து பார்த்தாள்.

பெட்டியோடு அக்கரையிலிருந்து வந்த நிவாரணச் சங்கத்து மருத்துவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். “இறந்து பதினோரு நாள் ஆச்சு. முதல் வாரத்துலயே வந்திருந்தா கால்கூடப் போயிருக்காது.” சிகரெட்டைப் பற்றவைத்தார். “கடைசி வரைக்கும் பயப்படவே இல்ல அந்த ஆளு. எங்க மச்சான் அந்த ஆபீஸ்லதான் இருக்காரு, பாத்துக்குவாருன்னு பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு எல்லாம் தைரியம் சொல்லிட்டிருந்தாரு. உங்களுக்கு அவரைத் தெரியுமா? அந்த மச்சானை?”

தெரியாது என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

அரசு மரியாதை. குண்டு முழக்கத்தில் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு, “மாமா, நிறுத்தச் சொல்லு” என்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்

“கொன்னுட்டாங்க அண்ணா. வைத்தியம் பாக்காம வேணும்னே கொன்னுட்டாங்க.” அவள் கண்ணில் நீர் இல்லை, நெருப்பு இருந்தது. இப்போது சொல்லிவிடலாம். இரண்டு கடிதம் வந்ததுடி, விதி பொருந்தாது என்று எழுதியவன் நான்தான். எத்தனை சின்ன வாக்கியம்!

“ஆமா” என்றேன்.

மே 4, திங்கள்

துணைச் செயலாளர். அறையில் ஜன்னல் இருக்கிறது.

ஜூன் 18, வியாழன்

இப்போது அவளுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஊர் ஊராகப் போகிறாள். கொலைகாரர்களோடு ஒப்பந்தம் எதற்கு, கிழித்துப் போடுங்கள் என்கிறாள். நேற்று தராசுகூடச் சற்று மிரண்டுதான் இருந்தார். “நாம பத்த வச்சது. இனி அணைக்கிறதுன்னா நம்ம கைதான் வேகும்.” ஒப்பந்தத்திலிருந்து விலகும் மசோதாவை நான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12, புதன்

மசோதா நிறைவேறியது. எதிர்த்து ஒன்பது ஓட்டு. தங்கை பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் இருந்தாள்.

வெளியே வரும்போது ஒரு பெரியவர் வழிமறித்தார். போன வாரம் வடக்கு முகாமருகே பிடிபட்ட இருவரில் ஒருவனுடைய அப்பா. பஸ் ஓட்டுநராம், சீருடையோடு வந்திருந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பையனுக்கு வயித்துல காயமாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேலிடத்துல கேப்பாங்க.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “தைரியமா இருங்க ஐயா. நாம இறங்கிப் போகக் கூடாது. என்னைப் பாருங்க, நான் தாங்கலையா?” கனிவாகத்தான் சொன்னாள். நம்பிச் சொன்னாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இம்முறை கடிதம் வரவில்லை. இனி எந்த விதியைக் காட்டி எழுதுவார்கள்?

பெரியவர் அவள் கையை விடவில்லை. காவலர் வந்து விரல் விரலாகப் பிரித்துவிட்டார். நான் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்; அவள் ஏறி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.