பிரைமேஸின் இடத்தில் லிகேஸ்

04.06.2024, செவ்வாய்

சோதனையில் நிலுஜா மறுபடியும் முதலாவது. எனக்கு இரண்டு புள்ளி குறைவு. முதலாவதாக வருபவர்தான் சோதனை வைத்த பாடத்தை வகுப்புக்கு மீட்டுப் படிப்பிக்க வேண்டும் என்பது எங்கள் உயிரியல் ஆசிரியர் சில்வெஸ்ரர் சேரின் வழக்கம். மூன்றாவது தடவையாகவும் அவளா?

"நெடுந்தீவிலையிருந்து கடல் கடந்து வாற பிள்ளையைப் பாருங்கோ" என்றார் சேர். நான் இறுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவது என் குற்றமா? வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

07.06, வெள்ளி

பேய்க்காற்று. நெடுந்தீவுப் படகு ஓடவில்லை. அங்கிருந்து வரும் மூன்று பேரும் இல்லை.

இன்று டி.என்.ஏ தன்னைப் பிரதி செய்யும் பாடம். ஹெலிகேஸ் என்ற நொதியம் இரண்டு இழைகளையும் பிரிக்கும். பிரைமேஸ் சிறு தொடக்கத் துண்டு வைக்கும். அதிலிருந்து பொலிமரேஸ் புது இழையை வளர்க்கும். துண்டு துண்டாக வளர்ந்ததை லிகேஸ் ஒட்டும். எவ்வளவு அழகு! இதை நான்தான் படிப்பிக்க வேண்டும். நான்.

மாலையில் நிலுஜாவின் குரல்பதிவு: "நிமலினி, உம்மட நோட்ஸைப் படமெடுத்து அனுப்பும். உம்மட எழுத்திலை பிழை இராது."

08.06, சனி

புதுத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். பிரைமேஸின் இடத்தில் லிகேஸ், லிகேஸின் இடத்தில் பிரைமேஸ். என் கொப்பியில் சரியாகத்தான் இருக்கிறது.

11.06, செவ்வாய்

சோதனை. அந்தக் கேள்வி வந்தது.

13.06, வியாழன்

நான் முதலாவது.

நெடுந்தீவுப் பிள்ளைகள் மூவரின் தாளிலும் ஒரே பிழை. "ஆரைப் பாத்து ஆர் எழுதினது?" என்று சேர் கத்தினார். நிலுஜா எழும்பினாள். "பாத்தெழுதேல்லை சேர். நோட்ஸைப் பிழையா எழுதி இவை ரெண்டு பேருக்கும் குடுத்தது நான்தான்."

நான் அனுப்பிய படம் அவளுடைய போனில் இருக்கு. காட்டியிருக்கலாம். ஏனடி காட்டேல்லை? நான் எழும்பியிருக்கோணும் — எழும்பேல்லை. எழும்ப ஏலாமப் போச்சு. இப்ப அவளின்ரை நல்ல குணத்திலையும் எனக்குப் பொறாமை. என்ன பிறவி நான்?

18.06, செவ்வாய்

இன்று நான் படிப்பித்தேன். சேர் பின்வரிசையில் இருந்தார். பொலிமரேஸ் தான் சேர்த்ததைத் தானே சரிபார்க்கும், பிழையென்றால் வெட்டி எடுக்கும் என்ற இடத்துக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார்கள். நிலுஜா மட்டும் பாடநூலை விரித்து, நான் சொன்ன வரியை விரலால் தேடிக் கண்டுபிடித்த பிறகே எழுதினாள்.

அவள் எழுதி முடிக்கும்வரை அடுத்த வரியைச் சொல்லாமல் நின்றேன்.