ஊதாப் பொட்டு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? அண்ணியைக் கேட்டதாகச் சொல். நீ கிளம்பியதிலிருந்து தினமும் பாறைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். என் ஆராய்ச்சிக்காக நாம் இருவரும் பொட்டு வைத்த ஆண் பாறை ஓணான்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தலையும் முதுகும் செக்கச்செவேலென்று, விலா கன்னங்கரேலென்று, உச்சி வெயிலில் மொட்டைப் பாறைமேல் தண்டால் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டிய பருவம் இது. பாறை நிறத்துப் பெட்டைகள் மட்டும் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. வல்லூறு தூக்கியிருக்குமோ? ஆண் இல்லையென்றால் இந்தத் தடவை குஞ்சே இருக்காது. அழுகையாக வருகிறது.

அண்ணி ஆசையாய்க் கொடுத்தனுப்பிய ஊதா நகப்பூச்சை ஓணானுக்குப் பூசினேன் என்று உளறிவிடாதே.

உன் செல்ல ஓணான்

மார்ச் 19

அன்பு ஓணானுக்கு,

கல்யாணப் பேச்சுக்குக்கூடக் கலங்காதவள் பல்லிக்காக அழுகிறாயா! வல்லூறாகத்தான் இருக்கும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

வளர்ப்புப் பிராணிக் கடையைப் பெரிதாக்கிவிட்டேன். இனி மீனும் கிளியும் மட்டுமல்ல. திறப்பு நாள் படம் வைத்திருக்கிறேன், உன் அண்ணி எவ்வளவு பூரிப்பாக நிற்கிறாள் பார். ஒரு சந்தேகம். உன் பாறை ஓணானுக்குச் சிவப்பு மங்கிப் போனால், திரும்ப நிறம் வர என்ன செய்யலாம்? வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அண்ணியின் தோளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெளுத்துப்போன ஓர் ஓணான். வால் தொடங்கும் இடத்தில் ஊதாப் பொட்டு, ஒரு பக்கமாய் இழுபட்டிருக்கிறது. நான் பூசும்போது உன் கட்டைவிரல் பட்டுக் கலைந்த அதே பொட்டு. "ஐயோ, அழிச்சிட்டேனே!" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

கம்பு நுனியில் நூல் சுருக்குப் போட்டுப் பிடிக்க உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். எந்த இடுக்கில் தூங்கும் என்று காட்டியதும் நான்தான். மறுநாள் விடியலில் "சும்மா நடந்துட்டு வரேன்" என்று நீ போனபோது, தேநீர் ஆறிவிடாமல் மூடிவைத்துக் காத்திருந்தேன். பாவி!

நிறம் வர வழி கேட்டாய். பயத்தில் போன நிறம் அது. வெயில் ஏறிய பாறையில், எதிரே இன்னோர் ஆணைப் பார்த்தால் வரும். உன் பெட்டியில் வராது.

இனி எனக்கு எழுதாதே. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, உன்னை ரயிலேற்றிவிட நானும் கூட வந்தேனே, அந்தப் பேருந்தில் உன் பை சரசரத்தது. "சாப்பாட்டுப் பொட்டலம்தான், நசுங்காம புடிச்சுக்க" என்றாய். இறங்கும்வரை அந்தப் பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தங்கை